அயோனியன் தீவுகளுக்குப் பாய்மரப் படகு: எங்கள் வீட்டுக் குழுவின் பேச்சு

*வெள்ளி, இரவு*

கார்த்தி: அக்கா, தீபாவும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். நீ கூப்பிட்டபடி கிரேக்கத் தீவுகளுக்குப் பாய்மரப் படகில் வருகிறோம். ஆனால் சாந்தோரினி, மிக்கோனோஸ் தீவுகள் இரண்டும் கண்டிப்பாக வேண்டும். அந்த வெள்ளை வீடுகளின் படத்தை அகில் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறான்.

வாணி: வருகிறீர்களா! ரொம்ப சந்தோஷம் தம்பி. அப்பா, அம்மா, நீங்கள் இருவரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே?

அப்பா: நான் தயார். அம்மாவிடம் கேள்.

அம்மா: முதலில் ஒன்று சொல். படகை யார் ஓட்டுவது?

வாணி: நான்தான் அம்மா. கிரேக்கத்தில் படகோட்டி இல்லாமல் படகை மட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்றால் ஒருவரிடம் படகோட்டும் சான்றிதழ் இருக்க வேண்டும். அனுபவமுள்ள இன்னொருவர் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். சான்றிதழ் என்னுடையது, கையெழுத்து சுரேஷுடையது. முதல் நாள் அந்த ஊர்க்காரர் ஒருவரையும் கூட வைத்துக்கொள்ளப் போகிறேன். துறைகளின் நெளிவுசுளிவு அவருக்குத்தான் தெரியும்.

அம்மா: அவர் முதல் நாள் மட்டும் இருந்தால் போதுமா?

சுரேஷ்: அத்தை, இங்கே இங்கிலாந்தில் நாங்கள் போகும் கடலில் ஏற்ற இறக்கமும் நீரோட்டமும் அதிகம். அங்கே இரண்டுமே பெரிதாகக் கிடையாது. வாணிக்கு அது சுலபமாகத்தான் இருக்கும்.

கார்த்தி: அக்கா, சாந்தோரினி பற்றிச் சொல்லவே இல்லை.

வாணி: நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஏதென்ஸிலிருந்து சாந்தோரினி 120 கடல் மைலுக்கு மேல். நம் படகு மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல் போகும். நிற்காமல் போனாலே இருபது மணி நேரம் தாண்டிவிடும். போய்ச் சேர்ந்தாலும் அங்கே நிறுத்துவது பாடு. நீ படத்தில் பார்க்கிற அந்த நீலக் கடல் எரிமலையின் வாய். பெரும்பாலான இடங்களில் ஆழம் முந்நூறு மீட்டருக்கு அருகில். நங்கூரச் சங்கிலி எட்டவே எட்டாது. தீவின் தெற்கே விலிகாடா என்று ஒரு சின்னத் துறை இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரே வாரத்தில் போய்த் திரும்ப வேண்டும் என்றால் குழந்தைகள் தண்ணீரில் இறங்க நேரமே இருக்காது. அந்தத் தீவுக்கு ஏற்றது ஏதென்ஸின் துறைமுகமான பைரேயஸிலிருந்து போகும் பெரிய பயணக் கப்பல். பாய்மரப் படகு இல்லை.

வாணி: அப்புறம் காற்று. சாந்தோரினியும் மிக்கோனோஸும் இருக்கிற சிக்லாடிஸ் தீவுகள் மொத்தமும் மெல்டெமி என்ற வடக்குக் காற்றின் பாதையில் இருக்கின்றன. ஜூலை, ஆகஸ்டில் வானம் துடைத்துவிட்டது போல நீலமாக இருக்கும், ஆனால் காற்றின் வேகத்தைச் சொல்லும் போஃபர்ட் அளவில் சில சமயம் ஏழு, எட்டு என்று நாள்கணக்கில் வீசும். நான்கு என்றால் 11 முதல் 16 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), அது நமக்கு சுகமான காற்று. ஆறு என்றாலே 22 நாட்டில் தொடங்கும். எட்டு வயதுப் பையனையும் மூட்டு வலியோடு அம்மாவையும் வைத்துக்கொண்டு நான் அதில் போக மாட்டேன்.

அப்பா: அந்தக் காற்று ஏன் கோடையில் மட்டும் வருகிறது?

வாணி: பால்கன் பக்கம் காற்றழுத்தம் அதிகம், துருக்கிக்கு மேலே குறைவு. நடுவில் இருக்கிற ஏஜியன் கடல் வழியாகக் காற்று தெற்கே இறங்குகிறது. உங்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று சொல்லவா அப்பா? துருக்கிக்கு மேலே இருக்கும் அந்தத் தாழ்வழுத்தம், நமக்குத் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவரும் தாழ்வழுத்தத்தின் மேற்கு நீட்சி.

அப்பா: அப்படியென்றால் குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில்தான் அங்கே அந்தக் காற்றும் வீசுகிறது. முப்பது வருடம் வரலாறு நடத்தினேன், இது எனக்குத் தெரியாது. நன்றி அம்மா.

தீபா: அண்ணி, நாம் போவது மே மாதம்தானே? அப்போது மெல்டெமி இருக்காது இல்லையா?

வாணி: நல்ல கேள்வி தீபா. மே மாதத்தில் அது இன்னும் நிலைபெற்றிருக்காது. ஆனாலும் அங்கே தீவுக்குத் தீவு திறந்த கடல். ஒரு நாள் காற்று மாறினால் ஒதுங்க இடம் தூரம். அதனால்தான் நான் மேற்கே அயோனியன் பக்கம் போகலாம் என்கிறேன். லெஃப்கடா, மெகனீசி, இதாகா, கெஃபலோனியா. ஒன்றுக்கொன்று பத்துப் பன்னிரண்டு கடல் மைல்தான். காலையில் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து மாயிஸ்ட்ரோ காற்று எழும்பும், பெரும்பாலும் நான்கு, ஐந்துக்குள். பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும். குடும்பத்தோடு முதல் தடவை போக இதைவிடப் பொருத்தமான கடல் கிரேக்கத்தில் இல்லை என்பது என் கருத்து.

கார்த்தி: அகிலிடம் நான் பேசிக்கொள்கிறேன். வெள்ளை வீடு அங்கே இருக்குமா?

வாணி: அங்கே மஞ்சள், இளஞ்சிவப்புச் சுவர், ஓட்டுக் கூரை. சில நூற்றாண்டுகள் வெனிஸ்காரர்கள் ஆண்ட பகுதி. மலை முழுக்க சைப்ரஸ் மரமும் ஆலிவும். பச்சைப் பசேல் என்று இருக்கும்.

*சனி, காலை*

அம்மா: ராத்திரி யோசித்தேன். படகு சாய்ந்து சாய்ந்து போகுமே, என் முட்டி தாங்குமா?

வாணி: அதற்குத்தான் கேட்டமரன் பார்க்கிறேன் அம்மா. இரண்டு உடல், நடுவில் பெரிய மேடை. அவ்வளவாகச் சாயாது. சமையலறையும் உட்காரும் இடமும் ஒரே தளத்தில் இருக்கும், அறைக்குப் போக மட்டும் நாலைந்து படி. நான்கு அறை: உங்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, கார்த்திக்கு ஒன்று, நிலாவுக்கும் அகிலுக்கும் ஒன்று. ஒற்றை உடல் படகைவிட வாடகை நிறையவே கூடுதல், மறைக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் விலையோடு பார்த்தால் மே விலை கணிசமாகக் குறைவு. அந்த மிச்சத்தை இதில் போடலாம் என்பது என் எண்ணம்.

கார்த்தி: முழுச் சம்மதம். அம்மா வசதியாக இருந்தால்தான் நமக்கும் நிம்மதி.

தீபா: எனக்குக் கொடைக்கானல் மலை ஏறும்போதே வாந்தி வரும் அண்ணி. அதை நினைத்தால்தான் பயம்.

வாணி: கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுவிடு. குமட்டல் வந்தபின் போட்டால் பெரிதாக உதவாது. எந்த மாத்திரை என்று உன் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள். படகில் இருக்கும்போது போன் பார்க்காதே, கீழே அறைக்குள் போகாதே. தொடுவானத்தைப் பார். சுக்கானை உன் கையில் கொடுத்துவிடுவேன். ஓட்டுகிறவருக்குக் குமட்டல் குறைவு. காலையில் அமைதியான கடலில் இரண்டு மணி நேரம் மட்டும் போகிற மாதிரிதான் திட்டம் போடுகிறேன்.

தீபா: சுக்கான் என் கையிலா! அப்படியென்றால் வருகிறேன்.

சுரேஷ்: வழி இதோ. மே 23 சனிக்கிழமை மாலை லெஃப்கடா துறையில் படகை வாங்குகிறோம், இரவு அங்கேயே. ஞாயிறு கால்வாய் வழியாகத் தெற்கே, நிட்ரி, ஸ்கார்பியோஸ் தாண்டி மெகனீசியில் ஸ்பார்ட்டோகோரி ஊரின் கீழே. திங்கள் இதாகாவில் கியோனி. செவ்வாய் இதாகாவின் வடமுனையைச் சுற்றி கெஃபலோனியாவில் ஃபிஸ்கார்டோ. புதன் திட்டம் இல்லை. வியாழன் லெஃப்கடாவின் தெற்கே சிவோட்டா. வெள்ளி மாலைக்குள் லெஃப்கடா துறைக்குத் திரும்பி டீசல் நிரப்ப வேண்டும். சனி காலை ஒன்பதுக்கு இறங்க வேண்டும்.

கார்த்தி: புதன் ஏன் காலி? ஒரு தீவு கூட்டலாமே அத்தான்?

வாணி: அது காற்றுக்கான நாள் கார்த்தி. வானிலை சரியில்லை என்றால் ஒரு நாள் துறையிலேயே இருந்துவிடலாம். அந்த நாள் கையில் இல்லாவிட்டால், சனிக்கிழமை படகைத் திருப்பித் தர வேண்டுமே என்று வரக்கூடாத காற்றில் கிளம்பத் தோன்றும். விடுமுறைப் படகுகள் வம்பில் மாட்டுவது அப்படித்தான். இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வானிலை நன்றாக இருந்தால் புதன்கிழமை அப்பாவுக்கு.

அப்பா: எனக்கா?

வாணி: இதாகாவின் மேற்குக் கரையில் போலிஸ் விரிகுடா இருக்கிறது அப்பா. 1930களில் சில்வியா பென்டன் என்ற ஆய்வாளர் அங்கே ஒரு குகையைத் தோண்டியபோது பழைய வெண்கல முக்காலிகள் கிடைத்தன. ஹோமர் காவியத்தின் நாயகனான இதாகா அரசன் ஒடிசியஸுக்கு வேண்டுதல் என்று எழுதிய சுடுமண் முகத்தின் ஒரு துண்டும் கிடைத்தது. மேலே ஸ்டாவ்ரோஸ் ஊரில் சின்ன அருங்காட்சியகம். ஃபிஸ்கார்டோவுக்கு எதிர்க்கரைதான்.

அப்பா: வேறு எதுவும் வேண்டாம், இது ஒன்று போதும். அந்த நாள் நான் காலை ஐந்துக்கே தயார்.

அம்மா: ஸ்கார்பியோஸ் என்றால் அந்தக் கப்பல் முதலாளி ஓனாசிஸின் தீவா? கென்னடியின் மனைவி மறுமணம் செய்துகொண்ட இடம்?

சுரேஷ்: அதேதான் அத்தை, 1968 அக்டோபரில். தனியார் தீவு, இறங்க முடியாது. படகிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம்.

அம்மா: அப்போது பத்திரிகையில் வந்த படம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்பா: 1953 ஆகஸ்டில் அந்தப் பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்ததே?

வாணி: ஆமாம் அப்பா. கெஃபலோனியாவின் பெரும்பகுதி இடிந்து போயிற்று. ஃபிஸ்கார்டோ தப்பியது. அதனால்தான் பழைய வீடுகள் அங்கே அப்படியே இருக்கின்றன. எல்லாரும் அங்கே போவதற்கும் அதுதான் காரணம், மதியத்துக்குள் போய்விட வேண்டும்.

*ஞாயிறு, மாலை*

அம்மா: சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு? நான் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஒரு கிலோ நெய் கொண்டுவருகிறேன்.

வாணி: நெய் மட்டும் வேண்டாம் அம்மா. வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. பால்கோவாவும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பொடிகள் சரி. தயிர் அங்கே கெட்டியாக, அருமையாகக் கிடைக்கும்.

அம்மா: தயிர் இருந்தால் பாதிக் கவலை போயிற்று. கடையில் சைவம் கிடைக்குமா?

சுரேஷ்: நிறைய அத்தை. பசலைக்கீரையும் அரிசியும் சேர்த்து வேகவைத்த ஸ்பனகோரிசோ, தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை பீன்ஸ், கத்தரிக்காய், சுரைக்காய் மாதிரியான ஒரு காய், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு அடுப்பில் சுட்ட பிரியாம். அவர்களுடைய நோன்பு நாட்களில் இறைச்சியும் பாலும் சேர்ப்பதில்லை, அதனால் இந்தச் சமையல் அவர்களுக்குப் பழக்கம்தான். ஸ்பார்ட்டோகோரி, சிவோட்டா மாதிரி இடங்களில் உணவகமே தன் துறையில் படகைக் கட்ட விடும். ராத்திரி அங்கே சாப்பிட்டால் போதும், கட்டணம் கேட்க மாட்டார்கள்.

கார்த்தி: எனக்கு என்ன வேலை அக்கா? சும்மா உட்கார்ந்து வர மாட்டேன்.

வாணி: நங்கூரம் உன் பொறுப்பு. அங்கே படகைப் பக்கவாட்டில் நிறுத்துவதில்லை. கரையிலிருந்து நாற்பது, ஐம்பது மீட்டர் தள்ளி முன்புறம் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பின்னோக்கி வந்து, பின்பக்கத்தைக் கரையில் இரண்டு கயிறால் கட்ட வேண்டும். நான் பின்னால் வரவர நீ சங்கிலியை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சங்கிலி ஓடும்போது கை, கால் அருகில் போகக் கூடாது, செருப்போடு நிற்கவும் கூடாது, மூடிய காலணி வேண்டும். இன்னொன்று எல்லாருக்கும்: பக்கத்துப் படகு மோதப் போகிறது என்றால் கையாலோ காலாலோ தள்ளாதீர்கள். காற்றடைத்த தடுப்பை நடுவில் பிடியுங்கள். படகுக்குக் கீறல் விழுந்தால் வைப்புத்தொகையில் கழித்துக்கொள்வார்கள், விரலுக்கு அப்படி முடியாது.

நிலா (வாணியின் போனில்): மாமா, நானும் அகிலும் கயிறு போடலாமா?

கார்த்தி: லைஃப் ஜாக்கெட் போட்டால் போடலாம் தங்கம். அக்கா, அகில் அளவுக்குக் கிடைக்குமா?

வாணி: பதிவு செய்யும்போதே குழந்தைகளின் எடையை எழுதிக் கேட்கிறேன். படகு ஓடும்போது இருவரும் கழற்றக் கூடாது. எஞ்சின் நின்ற பிறகுதான் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டும். கரையோரப் பாறையில் கடல் முள்ளெலி இருக்கும், ரப்பர் காலணி கொண்டுவாருங்கள். பெட்டி வேண்டாம், மடிக்கிற பை. பெட்டியை வைக்கப் படகில் இடமே இல்லை.

தீபா: குளிக்கத் தண்ணீர்?

வாணி: தொட்டித் தண்ணீர்தான், எட்டுப் பேர். கடலில் குளித்துவிட்டு, கடைசியில் ஒரு நிமிடம் நல்ல தண்ணீர். கழிவறைக் குழாய் குறுகல், காகிதம் போட்டாலே அடைத்துக்கொள்ளும், பக்கத்துக் குப்பைக்கூடையில் போட வேண்டும். குழந்தைகளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.

*திங்கள், காலை*

சுரேஷ்: மாமா, அத்தை, கார்த்தி, தீபா, அகில், ஐந்து பேருக்கும் ஷெங்கன் விசா வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து மனுக் கொடுக்கலாம். கடைசி நிமிடம் வரை விடாதீர்கள், ஏப்ரலில் கூட்டம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, அகிலுக்கு 45. பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. படகு ஒப்பந்தமும் பெயர்ப் பட்டியலும் வந்ததும் அனுப்புகிறேன், தங்கும் இடத்துக்கு அதைக் காட்டலாம். ஏதென்ஸில் தங்கும் இரவுகளுக்குத் தனியாக ஓட்டல் பதிவு வேண்டும்.

கார்த்தி: ஏதென்ஸிலிருந்து லெஃப்கடா எப்படி அத்தான்?

சுரேஷ்: பேருந்தில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். தீவுக்குச் சாலையே இருக்கிறது, ஒரு மிதவைப் பாலம் தாண்டினால் ஊர். நாங்கள் மூவரும் லண்டனிலிருந்து நேராகப் பக்கத்து ப்ரெவெசாவில் இறங்குகிறோம்.

அம்மா: அகிலுக்கு ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடுமே, அதற்குள் வந்துவிடுவீர்களா?

தீபா: மே 31 ராத்திரி ஏதென்ஸில் விமானம் ஏறினால் சரியாக இருக்கும் அத்தை.

வாணி: அப்படியென்றால் இன்று மாலை முன்பணம் கட்டிவிடுகிறேன். காற்றும் தேதியும் அளவான தூரமும் ஒத்துவருகிற வாரம் இது. பாஸ்போர்ட் முதல் பக்கத்தைக் குழுவில் போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள். பெயர்ப் பட்டியல் துறைமுகக் காவலரிடம் போகும், எழுத்து ஒன்றுகூட மாறக் கூடாது.

கார்த்தி: அனுப்பிவிட்டேன். எங்கள் பங்கு இரவுக்குள் உன் கணக்குக்கு வரும்.

அப்பா: என்னுடையதில் முதல் எழுத்து விரிந்து இருக்கிறது, டிக்கெட்டும் அப்படியே போடச் சொல்.

வாணி: சரி அப்பா, அப்படியே எழுதுகிறேன்.

அம்மா: மாப்பிள்ளை, குக்கர் அங்கே இருக்குமா, நான் மூன்று லிட்டர் எடுத்து வரட்டுமா?

சுரேஷ்: எடுத்து வாருங்கள் அத்தை. அடுப்பு கேஸ்தான், எட்டுப் பேருக்குச் சோறு வைக்க அங்கே இருக்கும் பாத்திரம் போதாது.