என்எஸ்-3: வாய்ஸ் பாக்கெட்டுக்கு முன்னுரிமை கொடுத்தால் தரம் கூடாமல் குறைகிறது, எங்கே தப்பு?

ஈரலை (கேள்வி):

வைஃபையில் குரல் அழைப்புகளின் சேவைத் தரம் பற்றிய ஆய்வுக்காக என்எஸ்-3 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரில் சிமுலேஷன் ஓட்டுகிறேன். அமைப்பு இதுதான்: 802.11ஏ, ரேட் 54 எம்பிபிஎஸ் என்று நிலையாக வைத்திருக்கிறேன். ஒரு ஆக்சஸ் பாயிண்ட், அதைச் சுற்றி 5 மீட்டர் ஆரத்தில் வட்டமாக ஸ்டேஷன்கள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஜி.711 என்ற குரல் கோடெக்கில் ஒரு அழைப்பு, போகவும் வரவும். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதில் குரல் 160 பைட், ஆர்டிபி, யூடிபி, ஐபி ஹெடர் மூன்றும் சேர்த்து 40 பைட். மறுமுனை எல்லாமே ஒயர் வழியாக ஒரே சர்வரில். அழைப்புகளை 4-இல் தொடங்கி நான்கு நான்காக 40 வரை கூட்டுகிறேன். எல்லா சோர்ஸும் 1.0 செகண்டில் ஆரம்பித்து 61-இல் நிற்கும், சிமுலேஷனும் அதே 61-இல் முடியும். பின்னணி டிராஃபிக் இன்னும் சேர்க்கவில்லை.

டிஓஎஸ் (ஐபி ஹெடரில் முன்னுரிமை சொல்லும் பைட்) எதுவும் போடாமல் விட்டால் லாஸ் (பாக்கெட் இழப்பு) கிட்டத்தட்ட இல்லை. இஎஃப் (குரலுக்கு வழக்கமான முன்னுரிமைக் குறி) என்று 184 போட்டால் கொஞ்சம் லாஸ் வருகிறது. 192 போட்டால் 12 அழைப்பிலேயே அப்லிங்க் (ஸ்டேஷனிலிருந்து ஆக்சஸ் பாயிண்டுக்கு) லாஸ் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஏறுகிறது. முன்னுரிமை கூடக்கூடத் தரம் குறைகிறது என்று எழுதினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் புரோகிராமில் தப்பா, வைஃபையின் முன்னுரிமை முறையான ஈடிசிஏ-வே இப்படித்தானா? ஒரு ரன்னின் சராசரியை வைத்துத்தான் கிராஃப் போட்டிருக்கிறேன், கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல் வேண்டும் என்று வழிகாட்டி கேட்கிறார், அதற்கும் வழி சொல்லுங்கள்.

மூன்றுபிட்:

முதலில் 184-க்கும் 192-க்கும் உள்ள வித்தியாசம். இஎஃப் போட்டால் வாய்ஸ் வரிசைக்குப் போகும் என்று நினைத்திருப்பீர்கள். போகாது. என்எஸ்-3 வைஃபை, டிஓஎஸ் பைட்டின் மேல் மூன்று பிட்டை மட்டும் எடுத்து யூசர் பிரியாரிட்டி ஆக்குகிறது. 184 என்பது பைனரியில் 10111000, மேல் மூன்று பிட் 101, அதாவது 5. பிரியாரிட்டி 4, 5 இரண்டும் வீடியோ வரிசை. 192 என்பது 11000000, மேல் மூன்று பிட் 110, அதாவது 6, அது வாய்ஸ். ஆக உங்கள் மூன்று கோடுகளும் பெஸ்ட் எஃபர்ட், வீடியோ, வாய்ஸ் என்று மூன்று வேறு வரிசைகள். கிராஃபில் பெயரை அப்படியே மாற்றுங்கள்.

இது சிமுலேட்டரின் கோளாறு இல்லை. மேல் மூன்று பிட்டை மட்டும் பார்க்கும் பழக்கம் நிஜக் கருவிகளிலும் பரவலாக இருந்ததால்தான் 2018-இல் ஆர்எஃப்சி 8325 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வந்தது. இஎஃப்-ஐ யூசர் பிரியாரிட்டி 6-க்கு மேப் செய்யச் சொல்கிறது அது. ஆய்வறிக்கையில் எந்த மேப்பிங் என்று ஒரு வரி எழுதாவிட்டால் வேறொருவர் உங்கள் முடிவை மறுபடி எடுக்கவே முடியாது.

லாஸ் ஏன் என்பது வேறு கதை, அதற்கு அடுத்தவர் வருவார்.

ஸ்லாட்_9:

வந்தாச்சு. காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: "எல்லா சோர்ஸும் 1.0 செகண்டில் ஆரம்பம்."

எல்லோருக்கும் இடைவெளி 20 மில்லிசெகண்ட், ஆரம்பமும் ஒன்று. அப்புறம் 60 செகண்டும் எல்லா ஸ்டேஷனும் ஒரே நொடித்துளியில்தான் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வரும். சேனல் காலியாக இருந்தால் ஈடிசிஏ பேக்ஆஃப் (ரேண்டமாகச் சில ஸ்லாட், அதாவது சிறு நேரத்துண்டுகள் காத்திருப்பது) எடுக்காமல் உடனே அனுப்பும். 12 பேரும் ஒரே சமயத்தில் பார்க்கிறார்கள், காலியாக இருக்கிறது, 12 பேரும் அனுப்புகிறார்கள். முதல் முயற்சி மொத்தமும் மோதல். வட்டமாக ஒரே தூரத்தில் நிறுத்தியதால் எல்லோருடைய சிக்னலும் ஒரே பலம், பலமான ஒன்றாவது தப்பிப் பிழைக்கவும் வழியில்லை.

அதன்பிறகு நடப்பதில்தான் மூன்று வரிசைகளும் பிரிகின்றன. ஓஎஃப்டிஎம்-க்கு (802.11ஏ-யின் சிக்னல் முறை) டிஃபால்ட் மதிப்புகள்: பெஸ்ட் எஃபர்ட் சிடபிள்யூ (பேக்ஆஃப் தேர்வின் மேல் எல்லை) 15-லிருந்து 1023 வரை, வீடியோ 7-லிருந்து 15, வாய்ஸ் 3-லிருந்து 7. முதல் மோதலுக்குப் பிறகு பெஸ்ட் எஃபர்ட் 32 ஸ்லாட்டிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், மறுபடி மோதினால் 64, பிறகு 128. கூட்டம் தானாகக் கலைந்துவிடும். வாய்ஸ் 0-லிருந்து 7-க்குள், 8 ஸ்லாட்தான். எத்தனை தரம் மோதினாலும் அதே 8. 12 பேர் 8 ஸ்லாட்டில் உட்கார வேண்டுமென்றால் அதிகபட்சம் 7 பேருக்குத்தான் தனி இடம் கிடைக்கும், 5 பேராவது இன்னொருவர் மடியில்தான். ஒவ்வொரு முயற்சியிலும் மோதல் வாய்ப்பு 60% என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், ரீட்ரை வரம்பான 7 முயற்சியும் வீணாக 0.6-இன் 7-ஆம் அடுக்கு, ஏறத்தாழ 2.8%.

சரிசெய்ய: ஒவ்வொரு சோர்ஸின் ஆரம்ப நேரத்தோடும் 0 முதல் 20 மில்லிசெகண்டுக்குள் ஒரு யூனிஃபார்ம் ரேண்டம் மதிப்பைக் கூட்டுங்கள். டவுன்லிங்க் சோர்ஸுக்குத் தனியாக வேறொரு மதிப்பு. சிலர் 0 முதல் 1 செகண்ட் வரை போடுவார்கள், தப்பில்லை, ஆனால் காரியம் செய்வது 20-ஆல் வகுத்தால் வரும் மீதிதான். 0, 20, 40 மில்லிசெகண்ட் என்று அடுக்கினால் ஒரு பயனும் இல்லை, பழையபடி ஒரே கட்டத்தில் வந்து நிற்பார்கள்.

வான்நேரம்:

மேலே சொன்னது சரி, ஆனால் 60% என்பதை அறிக்கையில் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒருவர் அனுப்பி முடித்ததும் கூட்டத்திலிருந்து விலகிவிடுவார், மீதிப் பேருக்கு மோதல் வாய்ப்பு முயற்சிக்கு முயற்சி குறையும். அதேபோல வைஃபை மோதலைக் கணிக்க 2000-இல் வந்த பியாங்கி மாடலையும் இங்கே பொருத்தக் கூடாது. எல்லா ஸ்டேஷனிடமும் எப்போதும் ஒரு பாக்கெட் காத்திருக்கிறது என்ற சாச்சுரேஷன் அனுமானம் அது. 50-இல் ஒரு பங்கு செகண்டுக்கு ஒருமுறை பேசும் ஸ்டேஷன் அப்படி இல்லை.

ஆரம்ப நேரங்களைக் கலைத்த பிறகு என்ன எதிர்பார்க்கலாம் என்பதைக் கையால் போட்டுப் பாருங்கள். 200 பைட் ஐபி பாக்கெட்டுக்கு எல்எல்சி 8, கியூஓஎஸ் மேக் ஹெடர் 26, எஃப்சிஎஸ் 4 சேர்த்தால் 238 பைட், 1904 பிட். சர்வீஸ், டெயில் பிட் 22 சேர்த்து 1926. 54 எம்பிபிஎஸ்-இல் ஒரு சிம்பலுக்கு 216 பிட், ஆக 9 சிம்பல், 36 மைக்ரோசெகண்ட். பிரியாம்பிள் 20 சேர்த்து 56. பிறகு எஸ்ஐஎஃப்எஸ் என்ற சிறு இடைவெளி 16, 24 எம்பிபிஎஸ்-இல் அக் (கிடைத்தது என்ற பதில்) 28. முன்னால் வாய்ஸ் காத்திருக்கும் இடைவெளியான ஏஐஎஃப்எஸ் 34, சராசரி பேக்ஆஃப் ஒன்றரை ஸ்லாட், 13.5. மொத்தம் 147.5 மைக்ரோசெகண்ட். இதில் உண்மையான குரல் 1280 பிட், அது எடுப்பது 23.7. மீதி 84% சடங்கு. "54 எம்பிபிஎஸ் லிங்க், ஒரு அழைப்பு 80 கேபிபிஎஸ், நூற்றுக்கணக்கில் தாங்கும்" என்று வகுத்துப் பார்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

ஒரு அழைப்புக்குச் செகண்டுக்கு 100 பாக்கெட், 14.75 மில்லிசெகண்ட் வான்நேரம். மோதலே இல்லாவிட்டால் 67 அழைப்பு. 40 அழைப்புக்கு 59%. ஆக 12-இல் லாஸ் வருவதற்கு நெட்வொர்க்கில் காரணமே இல்லை. இந்தக் கணக்கை முதலில் போட்டிருந்தால் கிராஃபைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கும்.

நிஜ எல்லை 67-க்குக் கீழேயே வரும், அதுவும் டவுன்லிங்கில் முதலில் வரும். பாதிப் பாக்கெட் ஆக்சஸ் பாயிண்ட் வழியாக, ஆனால் போட்டியில் அதுவும் ஒரு ஆள்தான். நெரிசலில் N ஸ்டேஷன் இருந்தால் அதற்குக் கிடைப்பது N+1-இல் ஒரு பங்கு. அப்லிங்க், டவுன்லிங்க் இரண்டையும் சேர்த்து ஒரே சராசரியாகப் போட்டால் இது மறைந்துவிடும், தனித்தனிக் கோடாகப் போடுங்கள்.

ஈரலை:

ஆரம்ப நேரத்தைக் கலைத்ததும் 12 அழைப்பு லாஸ் போய்விட்டது. நன்றி. 40-க்கு மேலும் கொண்டுபோகிறேன், நீங்கள் சொன்னபடி டவுன்லிங்க்தான் முதலில் விழுகிறது. ஆனால் ஒன்று புரியவில்லை: பாரம் ஏற ஏற டவுன்லிங்க் சராசரி டிலே ஏறி, ஒரு இடத்தில் அப்படியே சமதளமாகிவிடுகிறது, அரை செகண்டைத் தாண்டுவதே இல்லை. டிலேயையும் லாஸையும் வைத்துத் தரத்தை ஒரே எண்ணாகச் சொல்ல என்ன வழி?

எச்சமதிப்பு:

அந்த அரை செகண்ட், வைஃபை மேக் வரிசையின் மேக்ஸ்டிலே. டிஃபால்ட் 500 மில்லிசெகண்ட், அதைத் தாண்டிய பாக்கெட்டை வரிசையே தூக்கி எறிந்துவிடும். எறிந்தது டிலே சராசரியில் சேராது. பிழைத்து வந்தவற்றின் சராசரியைத்தான் பார்க்கிறீர்கள். அதனால் டிலே மட்டும் காட்டும் கிராஃப் நெரிசலில் பொய் சொல்லும், 99-ஆவது பெர்சென்டைலும் லாஸும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தரத்துக்கு ஐடியூ-டி ஜி.107, இ-மாடல். குரல் அழைப்புக்குச் சுருக்கி இப்படி எடுக்கலாம்: தர எண் ஆர் = 93.2 − டிலே இழப்பு − லாஸ் இழப்பு. மொத்த டிலே 177.3 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் டிலே இழப்பு 0.024 பெருக்கல் டிலே, தாண்டினால் தாண்டிய ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் கூடுதலாக 0.11. டிலே என்பது நெட்வொர்க் டிலே மட்டுமல்ல: பாக்கெட் நிரம்ப 20, ரிசீவரின் ஜிட்டர் பஃபர் 60 என்று வைத்தால் அதுவும் சேர வேண்டும். அந்த 60-ஐத் தாண்டி வந்த பாக்கெட், வந்தும் வராததுதான், அதை லாஸ் கணக்கில் எழுதுங்கள்.

லாஸ் இழப்பு, ஜி.711-க்கு ரேண்டம் லாஸ் என்றால்: 95 பெருக்கல் லாஸ் சதவீதம், வகுத்தல் (லாஸ் சதவீதம் + பிபிஎல்). பிபிஎல் என்பது இழப்பைத் தாங்கும் அளவு, இழந்த பாக்கெட்டை மறைக்கும் வசதி இல்லாவிட்டால் 4.3, இருந்தால் 25.1. மேலே ஒருவர் சொன்ன 2.8%-ஐயே உதாரணத்துக்கு எடுத்து நெட்வொர்க் டிலே 5 என்று வைத்தால் டிலே இழப்பு 2.0. லாஸ் இழப்பு மறைப்பு இல்லாமல் 37.5, ஆர் 53.7, எம்ஓஎஸ் (கேட்பவர் தரும் தர மதிப்பெண், 5 வரை) சுமார் 2.8. மறைப்போடு 9.5, ஆர் 81.6, எம்ஓஎஸ் 4.1. ஒரே நெட்வொர்க், ஒரே லாஸ், ஒன்று கேட்கவே முடியாதது, இன்னொன்று நல்ல அழைப்பு. எந்த பிபிஎல் என்று சொல்லாத எம்ஓஎஸ் கிராஃபுக்கு மதிப்பே கிடையாது.

கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல்: ஒரு ரன்னில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் 3000 பாக்கெட் இருக்கிறதே, அதை 3000 சாம்பிள் என்று வைத்து இன்டர்வெல் போடாதீர்கள். அடுத்தடுத்த பாக்கெட்டுகளின் டிலே ஒன்றையொன்று சார்ந்தது, இன்டர்வெல் பொய்யாக ஒல்லியாகிவிடும். ஒரு ரன்னுக்கு ஒரு மதிப்பு. சீடை (ரேண்டம் எண்களின் தொடக்க எண்) அப்படியே விட்டு ஆர்என்ஜி-ரன் எண்ணை மட்டும் 1, 2, 3 என்று மாற்றுங்கள். 10 ரன் என்றால் 95%-க்கு டி மதிப்பு 2.262, 30 ரன் என்றால் 2.045. அதை ஸ்டாண்டர்ட் டீவியேஷனால் பெருக்கி ரன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அரை அகலம். நெரிசல் எல்லை அருகே ரன்னுக்கு ரன் ஆட்டம் அதிகம், அங்கே மட்டும் 30, மற்ற இடத்தில் 10 போதும். மூன்று வரிசைகளையும் ஒப்பிடும்போது ஒரே ரன் எண்களைப் பயன்படுத்தினால் ஆரம்ப நேரங்களும் ஒன்றாக அமையும், வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

முதல் 5 செகண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அசோசியேஷனும் (ஸ்டேஷன் இணைவது) ஏஆர்பி-யும் (முகவரி தேடல்) அதில்தான் நடக்கும். சோர்ஸை நிறுத்தியபின் சிமுலேஷனை இன்னும் 1 செகண்ட் ஓடவிட்டு, அனுப்பியதிலிருந்து வந்ததைக் கழியுங்கள். என்எஸ்-3-இன் அளவீட்டுக் கருவியான ஃப்ளோமானிட்டரின் லாஸ்ட்பாக்கெட்ஸ் எண்ணை நம்ப வேண்டாம், ஒரு பாக்கெட் 10 செகண்ட் காணாமல் போனால்தான் அதை இழந்ததாக எழுதும். உங்கள் பழைய அமைப்பில் கடைசி 10 செகண்டின் லாஸ் விடுபட்டிருக்கும்.

வான்நேரம்:

பின்னணி டிராஃபிக் சேர்க்கும்போது ஒன்று. முன்னுரிமை அடுத்த வாய்ப்புக்குத்தான், காற்றில் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் ஃப்ரேமை அது நிறுத்தாது. 1500 பைட் ஐபி பாக்கெட் 54 எம்பிபிஎஸ்-இல் 252 மைக்ரோசெகண்ட். அதையே ஓரத்தில் உள்ள ஒரு ஸ்டேஷன் 6 எம்பிபிஎஸ்-இல் அனுப்பினால் 2076. ஒரு மெதுவான ஸ்டேஷன் எல்லோரையும் இழுத்துப்பிடிக்கும் இந்தக் கோளாறு 2003-லேயே 802.11பி-யில் காட்டப்பட்டது. ஆகவே எல்லோரையும் 5 மீட்டரில் நிறுத்திய முடிவோடு நிறுத்தாமல், ஒரே ஒரு ஸ்டேஷனை 6 எம்பிபிஎஸ்-க்கு மாற்றி ஒரு கோடு கூடுதலாகப் போடுங்கள்.

மூன்றுபிட்:

நிஜக் கருவியில் சரிபார்க்கப் போவதாக இருந்தால் ஸ்டேஷனின் பவர் சேவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டவுன்லிங்க் பாக்கெட் பீக்கனுக்காகக் காத்திருக்கும். பீக்கன் இடைவெளி வழக்கமாக 102.4 மில்லிசெகண்ட், டிலே ஹிஸ்டோகிராம் 100 வரைக்கும் இழுபட்டு நிற்பதைப் பார்த்துவிட்டு ஈடிசிஏ-வைத் திட்டுவீர்கள். ஆர்டிடி-யை (போய்வரும் நேரம்) இரண்டால் வகுத்து ஒருவழி டிலே என்று எழுதுவதும் கூடாது. அப்லிங்கும் டவுன்லிங்கும் சமமில்லை என்பதுதானே உங்கள் ஆய்வின் முடிவே. இரண்டு முனைக்கும் ஒயர் வழியாகப் பிடிபி போட்டுக் கடிகாரத்தை ஒத்திசைத்த பிறகு அளவெடுங்கள்.