விலை இருக்கு, காய் எங்கே?

கேரளத்து இடுக்கி மலையில் வண்டன்மேடு பக்கம் எங்களுக்குச் சின்ன ஏலத்தோட்டம் உண்டு. வீடு மலைக்கு இந்தப் பக்கம், தேனி மாவட்டம் கம்பம் ஊரில். ஏலக்காய் விலை ஏறியதாகச் செய்தி வந்தால் போதும், ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் “என்னண்ணே, இந்த வருஷம் அள்ளிட்டீங்கபோல” என்பார்கள்.

2024 கோடையில் இடுக்கி மலையே காய்ந்தது. ஏலச்செடி நிழலும் ஈரமும் கேட்கிற பயிர். முதலில் இலை நுனி கருகியது. அப்புறம் தட்டை நடுவில் மடிந்து சாய்ந்தது. தூரடியில் தரையோடு படர்ந்து கிடக்கும் சரம் சுருண்டு, தொட்டால் நொறுங்கியது. சரம் போனால் அந்த வருஷக் காய் போச்சு. தூரே பட்டுப்போனால் மறுபடி நட்டுக் காய் பார்க்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். உரக்கடைக் கடன் அதுவரை பொறுக்குமா?

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இதற்கு நேர்மாறு. தண்ணீர் நின்று அழுகல் பிடித்தது, அடுத்த கோடை மிச்சத்தையும் கருக்கியது. அதனால்தான் 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலக்காய் ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு ஐந்து கிலோ பச்சைக்காய் வேண்டும். கையில் காய் இல்லாதவனுக்கு எந்த விலை போனால் என்ன?

2024-இல் எங்கள் பக்கம் தப்பித்தவர்கள் படுதாக்குளம் வைத்திருந்தவர்கள்தான். குழி வெட்டி, பிளாஸ்டிக் படுதா விரித்து, மழைத்தண்ணீரைத் தேக்கிக் கோடையில் இறைப்பது. இல்லாதவர்கள் டேங்கர் தண்ணீர் வாங்கினார்கள், பச்சை நிழல் வலை கட்டினார்கள். இரண்டும் காசு தின்னும் வேலை. அடுத்த தோட்டத்துச் சேட்டன் மட்டும் வலை வாங்கவில்லை. ஞள்ளானி என்ற ஏலக்காய் ரகம் வந்தபோது விளைச்சலுக்காகப் பலரும் நிழல்மரத்தை வெட்டித் தள்ள, அவர் அளவாகக் கிளை கழித்ததோடு நிறுத்திக்கொண்டார். “மரம் உண்டெங்கில் வலை வேண்டா” என்று சிரிப்பார். அவருக்கும் சேதம்தான், ஆனால் தூர் பிழைத்தது.

எங்களுக்காவது வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி வருகிற நம் ஊர்ப் பெண்களுக்கு அதுவும் கிடையாது. காயெடுப்பு நாற்பது நாளுக்கு ஒரு சுற்று வரும். காய் இல்லையென்றால் சுற்றும் குறையும், கூலியும் போகும். எங்களுக்குக் காயெடுக்க வரும் ஒரு பெரியம்மா அந்த வருஷம் திராட்சைத் தோட்டத்துக்குப் போனார். அங்கே கூலி கம்மி. “உங்களுக்குச் செடி காஞ்சா இன்சூரன்சு. ஜீப்பு வரலைன்னா எங்களுக்கு யாருப்பா தருவா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மலைத்தோட்ட நஷ்டக் கணக்கு எடுக்கும்போது இந்தப் பக்கத்துக் கூலியையும் யாராவது சேர்த்து எழுத வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாங்களும் இப்போது குளம் வெட்டப்போகிறோம். படுதா போட்டவர்கள் எத்தனை ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கனக்கணக்கு) வாங்கினீர்கள், எத்தனை வருஷம் தாங்குகிறது, எலி கடித்தால் எப்படி ஒட்டுகிறீர்கள் என்று கொஞ்சம் சொல்லுங்கள்.