புதுக் கருவி வாங்க மதிப்பீட்டுப் பிரிவின் ஒப்புதல்: தேவையா, இன்னொரு கையெழுத்தா?

கத்திக்காரன்:
எங்கள் பல்கலைக்கழக மருத்துவமனையில் இனி எந்தப் புதுக் கருவி கேட்டாலும் முதலில் ஹெச்டிஏ பிரிவுக்கு, அதாவது சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டுப் பிரிவுக்கு, விண்ணப்பம் போக வேண்டுமாம். பலன் என்ன, நோயாளிக்கு என்ன மாறும், ஆட்கள் யார், செலவு எவ்வளவு என்று பக்கம் பக்கமாகப் படிவம். ஏற்கெனவே கொள்முதல் குழு, டெண்டர் எல்லாம் இருக்கிறது. பிரிட்டனின் நைஸ் என்ற அரசு மதிப்பீட்டு அமைப்பு 1999 முதல் இந்த வேலையைத்தானே செய்கிறது? அந்த மாதிரி அமைப்புகள் அலசி முடித்ததை நாங்கள் ஏன் மறுபடி அலச வேண்டும்? புதியதை முதலில் தொட்டுப் பார்க்கத்தானே போதனா மருத்துவமனை?

பட்டறைக்காரி:
டாக்டர், நான் மருத்துவக் கருவிகள் பராமரிப்பில் இருப்பவள். கருவி நல்லதா என்று நைஸ் சொல்லும். உங்கள் கட்டடத்தில், உங்கள் ஆட்களை வைத்து அது ஓடுமா என்று சொல்லாது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு துறை வேறு கம்பெனி எண்டோஸ்கோப் வாங்கியது. படம் கண்ணாடி மாதிரித் தெளிவு. ஆனால் கழுவிக் கிருமி நீக்கும் எந்திரத்தில் அதை மாட்டும் இணைப்புக் குழாய் எங்களிடம் இல்லை. நான்கு மாதம் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. கழுவுவது சில்லறை விஷயமும் இல்லை. சிறுகுடலின் தொடக்கம் வரை போகும் எண்டோஸ்கோப்பான டுவோடினோஸ்கோப்பின் நுனியில், உள்ளே விடும் கருவியை நிமிர்த்தும் அந்தச் சின்னத் தூக்கியை முழுதாகச் சுத்தம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015இல் எச்சரிக்கையே விட்டது. "எதில், யார் கழுவுவார்கள்?" என்று படிவத்தில் ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

கத்திக்காரன்:
அதற்கு உங்களுக்கு ஒரு போன் அடித்தால் போதுமே. தனிப் பிரிவு எதற்கு?

கணக்குப்பிள்ளை:
யாரும் போன் அடிப்பதில்லை என்பதால்தான்! அறுவை சிகிச்சை ரோபோவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் எந்திரத்தின் விலையை வைத்தே மல்லுக்கட்டுகிறார்கள். எங்களைப் பிடுங்குவது பராமரிப்பு ஒப்பந்தமும் கைக்கருவிகளும். டா வின்சி என்ற ரோபோவின் பெரும்பாலான கைக்கருவிகளுக்குப் பல வருடங்கள் 10 தடவைதான் ஆயுள். எத்தனை முறை பயன்பட்டது என்று எந்திரமே எண்ணும்; கணக்கு முடிந்தால் கருவி பளபளவென்று இருந்தாலும் ஏற்காது. 2020இல்தான் சிலவற்றுக்கு எண்ணிக்கையைக் கூட்டினார்கள். எந்திரம் இனாமாக வந்தாலும் இந்தச் செலவு போகாது.

வருடத்துக்கு எத்தனை கேஸ் வரும் என்று துறையைக் கேட்டால் ஒரு எண் வரும். அறுவை அரங்குப் பதிவேட்டைப் புரட்டினால் வேறு எண். அந்தப் பதிவேட்டை வெளியிலிருந்து யார் வந்து புரட்டப் போகிறார்கள்?

கத்திக்காரன்:
சரி, செலவுக் கணக்கில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பலனுக்கு வாருங்கள். ஆரம்பக் கட்டக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிறுதுளை வழியாக, அதாவது லேப்ராஸ்கோப்பியிலும் ரோபோவிலும், கர்ப்பப்பையை எடுப்பது பல வருடம் நடந்தது. பழைய கேஸ் ஷீட்டுகளைத் திரட்டி எழுதிய கட்டுரைகள் அதற்கு நல்ல பேர்தான் கொடுத்தன. 2018இல் லாக் என்ற ஆய்வு வந்தது. 631 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். நாலரை வருடத்தில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் வயிற்றைத் திறந்து செய்ததில் 96.5%, சிறுதுளையில் 86%.

அதற்கு ஆறு வருடம் முன்னால் உங்கள் பிரிவு உட்கார்ந்திருந்தால் என்ன எழுதியிருக்கும்? அதே கட்டுரைகளைப் படித்துவிட்டு "ஏற்கலாம்" என்று முத்திரை குத்தியிருக்கும். உண்மையைக் கண்டுபிடித்தது ஆய்வு, படிவம் இல்லை.

தரவுத்தம்பி:
சார், இந்த இழையில் இதுவரை வந்ததில் கனமான வாதம் இதுதான். ஆனால் முத்திரை ஒன்று மட்டும்தானா இருக்கிறது? ஒழுங்கான பிரிவு என்றால் "குலுக்கல் முறை ஆய்வு இல்லை, ஆகவே செய்யும் ஒவ்வொரு கேஸையும் பதிவேட்டில் ஏற்று, ஆய்வு நடந்தால் அதில் சேர்" என்று நிபந்தனை போட்டிருக்கும். ஒரே மருத்துவமனையின் எண்ணிக்கையில் அந்தப் பத்து சதவீத வித்தியாசம் தெரிந்திருக்காது, உண்மை. பத்து இடத்தின் பதிவேடுகளைச் சேர்த்தால் சந்தேகமாவது முன்பே தட்டியிருக்கலாம்.

பக்ஸ்டன் என்ற பொருளியலாளர் பெயரில் ஒரு விதி சொல்வார்கள்: மதிப்பிட எப்போதும் சீக்கிரம், திடீரென்று பார்த்தால் தாமதம். கருவி புதிதாக இருக்கும்போது "இன்னும் கை பழகவில்லை, பொறுங்கள்" என்பீர்கள். கை பழகியதும் "இப்போதுதான் எல்லோரும் செய்கிறார்களே" என்பீர்கள்.

கத்திக்காரன்:
குத்து சரியாக விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிபந்தனை போடுவது யார்? அந்தக் கருவியை வைத்துக் கட்டுரை எழுதும் பேராசிரியரே குழுவில் இருப்பார். இல்லையென்றால் அறுவை அரங்கை எட்டிப் பார்க்காத நிர்வாகி இருப்பார். முதலாமவருக்கு எல்லாமே அற்புதம், இரண்டாமவருக்கு எல்லாமே தண்டச் செலவு.

தரவுத்தம்பி:
இரண்டு பேரிடமும் பேனாவைக் கொடுக்காமல் இருக்கலாம். மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2001 முதல் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது. சான்றைத் தேடி அறிக்கை எழுதுவது அதன் ஊழியர்கள். மருத்துவர், செவிலியர், நிர்வாகம், நோயாளிகள் தரப்பு எல்லாம் உட்காரும் குழு அதை அலசிப் பரிந்துரைக்கிறது. பாரிஸின் அரசு மருத்துவமனைக் குழுமத்தில் 1982இலிருந்தே செடிட் என்ற இதே மாதிரிப் பிரிவு இருக்கிறது. அதற்காக அங்கெல்லாம் புதுக் கருவி வராமலா போய்விட்டது?

கத்திக்காரன்:
அப்படியானால் என் பக்கம் ஒரே நிபந்தனை. 30 நாளில் பதில் வரவில்லை என்றால் ஒப்புதல் கிடைத்ததாகக் கணக்கு.

பட்டறைக்காரி:
எதிலும் "ஒப்புதல் கிடைத்ததாகக் கணக்கு" கிடையாது டாக்டர். 30 நாளில் பதில் தருவது சரி, ஆனால் படிவம் முழுதாக நிரம்பி வந்த நாளிலிருந்து. போன வாரம் என் மேசைக்கு ஒன்று வந்தது. "யார் கழுவுவார்கள்?" என்ற கட்டத்தில் "சம்பந்தப்பட்டவர்கள்" என்று எழுதியிருந்தது.