கரும்பு டிரெய்லர் இழுக்க எந்த டிராக்டர் எடுக்கலாம்? மேட்டுல முன் சக்கரம் தூக்குதுங்க

வணக்கங்க. கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், மூணு ஏக்கரா கரும்பு. கையில இருக்கறது 35 எச்பி பழைய வண்டி, ரெண்டு சக்கர டிரெய்லர். போன வாரம் லோடோட வாய்க்கால் மேட்டுல ஏறும்போது முன் சக்கரம் ஒரு முழத்துக்கு மேல தூக்கிருச்சு, கிளட்ச்ச மிதிச்சதும் டொப்புனு இறங்குச்சு, அப்பறம் பிரேக்க மிதிச்சு நிறுத்தறதுக்குள்ள உசுரே போயிருச்சுங்க. பையன் மட்கார்டு மேல உக்காந்திருந்தான். ராத்திரி தூக்கமே வரல. வண்டிய மாத்திரலாம்னு மாஸி பெர்குசன் 241, மஹிந்திரா 575, ஜான் டீர் 5050 டி மூணும் பாத்து வச்சிருக்கேன். 50 எச்பி எடுத்தா இந்தப் பிரச்சனை தீருமுங்களா?

பதில் (ஆலைக்கு லோடு ஓட்டறவர்):
மொதல்ல பையன வண்டில ஏத்தறத விடுங்க தம்பி. டிராக்டர்ல ஓட்டறவருக்கு மட்டுந்தான் சீட்டு. எச்பி கூடுனா தூக்கறது நிக்காது, வண்டி லேசா இருந்தா இன்னும் சுளுவா தூக்கும். நீங்க சொன்ன மூணுமே 42ல இருந்து 50 எச்பிக்குள்ள, இழுக்கறதுல கொறை இல்ல. நிறுத்தறதத்தான் பாக்கணும். வண்டி ரெண்டு டன்னுதான், பின்னாடி ஏழு டன் தள்ளிட்டு வருது, டிரெய்லருக்கு பிரேக் இல்லைன்னா அத்தனையும் உங்க ரெண்டு பின் டயர்தான் புடிக்கணும்.

பதில் (மெக்கானிக்):
அண்ணா, டிரெய்லர எங்க மாட்டிருக்கீங்க? வண்டிக்குப் பின்னால கீழ தாழ்வா இருக்கற இழுவைக் கம்பி டிராபார்லயா, மேல கொக்கிலயா?

கேட்டவர்:
மேலதாங்க. பள்ளத்துல கீழ இடிக்குதுன்னு பட்டறைல பட்டை வச்சு ஒசத்திக் குடுத்தாங்க.

பதில் (மெக்கானிக்):
அதேதான் அண்ணா. இழுக்கற எடம் பின் அச்சுக்கு மேல போச்சுன்னா டிரெய்லர் பின்னால இழுக்க இழுக்க வண்டி பின்பக்கமா சாயும். அந்தப் பட்டைய இன்னைக்கே கழட்டிருங்க, கலப்பை மாட்டற மேல் கம்பி, டாப் லிங்க் எடத்துலயும் எப்பவும் மாட்டாதீங்க. ரெண்டு சக்கர டிரெய்லர்ல கொஞ்சம் பாரம் டிராபார் மேல வரும், சேத்துல பின் டயருக்கு பிடி கெடைக்க அது நல்லதுதான், ஆனா கரும்ப முன்னாடியே குமிச்சா முன் சக்கரம் லேசாயிரும். லோட டிரெய்லர் அச்சுக்கு மேல சமமா பரப்புங்க, முன்னாடி இரும்பு வெயிட் போடுங்க.

வண்டி எடுக்கறதா இருந்தா எடை கூடுனதா, எண்ணெய்ல முங்கின பிரேக் இருக்கறதா பாருங்க, தண்ணி சேறு பட்டாலும் பிடி போகாது. டிரெய்லருக்கும் பிரேக் வச்சுருங்க.

பதில் (ஆலைக்கு லோடு ஓட்டறவர்):
ரோட்டுக்கு வந்ததும், எடது வலது பின் சக்கரத்துக்குத் தனித்தனியா இருக்கற ரெண்டு பிரேக் பெடலையும் ஒண்ணாச் சேத்துப் பூட்டிருங்க, ஒத்தப் பெடல் மிதிச்சா லோடோட ஒரு பக்கமா திரும்பிரும். எறக்கத்துல நியூட்ரல் போடவே கூடாது. அந்த மேட்டுல எந்த கியர்ல ஏறுவீங்களோ அதுலயே எறங்குங்க, நடுவுல கிளட்ச்ச மிதிக்காதீங்க, என் பங்காளி ஒருத்தர் அப்படி மிதிச்சுத்தான் டிரெய்லர் மடங்கி வண்டி வாய்க்கால்ல எறங்கிருச்சு.

கேட்டவர்:
பட்டைய கழட்டிட்டேங்க. கீழ மாட்டி பாதி லோடுல ஏறிப் பாத்தேன், முன் சக்கரம் அசையவே இல்ல. பையன் இனி காட்டோரம் நின்னு பாக்கட்டும். இந்த வெட்டுக்கு பழைய வண்டியே பாதிப் பாதி லோடா ஓட்டட்டும், மொதல்ல டிரெய்லருக்கு பிரேக் வைக்கறேன். சத்தி பக்கம் அந்த வேலை நல்லா செய்யற பட்டறை தெரிஞ்சா சொல்லுங்கண்ணா.