தேக்குக் கூடையில் வாண்டா: வேர்கள் கறுக்கின்றன, என்ன செய்யலாம்?

மாடிச்செடி (சென்னை):
வணக்கம். ஆறு மாதம் முன்பு அம்மாவுக்காக ஒரு வாண்டா ஆர்க்கிட் வாங்கினேன். இடைவெளி விட்டு அடித்த தேக்குச் சட்டக் கூடையில் வெறும் வேரோடுதான் தந்தார்கள். சென்னை வெயிலில் காய்ந்துவிடுமோ என்று பயந்து, தேங்காய் மட்டைத் துண்டும் நாருமாகக் கூடையை அடைத்துவிட்டேன். காலையும் இரவும் தண்ணீர். இப்போது உள்ளே இருக்கும் வேர்கள் கறுத்துவிட்டன, ஒரே வாரத்தில் அடி இலை மூன்று உதிர்ந்தது. வெளியே தொங்கும் நான்கைந்து வேர்கள் மட்டும் வெள்ளையாக நன்றாக இருக்கின்றன. மருந்து அடிக்கவா, கூடையை மாற்றவா?

தொங்குவேர் (நாகர்கோவில்):
மட்டைதான் காரணம். வெளியே தொங்கும் வேர் பிழைத்திருப்பதே அதற்குச் சாட்சி. எங்கள் பக்கம் மாமரக் கிளைகளில் காட்டு வாண்டா தானாகவே வளரும், அதன் வேரைச் சுற்றி மண்ணும் இல்லை, நாரும் இல்லை. மேலே இருக்கும் பஞ்சு போன்ற வெலாமன் தோல் மழையை உறிஞ்சும், அப்புறம் காற்றில் காய்ந்துவிடும். காய விடாமல் ஈரத்திலேயே வைத்தால் அழுகிவிடும்.

மட்டை, நார் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வேராக மெல்ல அழுத்திப் பாருங்கள். தோல் வழுக்கிக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர். கத்தரியைத் தீயில் காட்டி, ஆறியதும் வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் மட்டும் சமையல் பட்டைப் (இலவங்கப்பட்டை) பொடி தடவுங்கள், நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும். ஒரு நாள் நிழலில் தொங்கட்டும்.

இரவுத் தண்ணீரை நிறுத்துங்கள். குருத்தில் தேங்கினால் செடியே போய்விடும். காலையில் வேர் பச்சையாக மாறும்வரை ஊற்றுங்கள். கோடையில் இன்னொரு முறை வேண்டுமென்றால் பிற்பகல் 3 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

மாடிச்செடி:
மிக்க நன்றி அண்ணா. ஒரு சிக்கல், இரண்டு நல்ல வேர்கள் சட்டத்தோடு ஒட்டிக்கிடக்கின்றன. அந்தச் சட்டத்தின் ஒரு முனை இற்றுப்போயிருக்கிறது.

மரவேலை (கோவை):
பிய்க்க வேண்டாம் தம்பி, பிய்த்தால் தோல் உரிந்து அந்த வேரும் போய்விடும். பழைய கூடையை அப்படியே ஒரு பெரிய கூடைக்குள் இறக்கிக் கம்பியால் கட்டுங்கள். இறக்கும் முன் வேர்களைக் கால் மணி நேரம் நனைத்தால் வளைந்து கொடுக்கும். புதுக் கூடை தேக்கிலேயே இருக்கட்டும், வார்னிஷ் வேண்டாம். பூச்சி அரிக்காமல் இருக்கத் தாமிர மருந்து ஏற்றிய மரத்தைத் தொடவே தொடாதீர்கள், தாமிரம் ஆர்க்கிட் வேருக்கு விஷம். அடியில் பெரிய கரித்துண்டு நாலு போட்டால் போதும்.

தொங்குவேர்:
புது வேர் நுனி தெரியும்வரை உரம் வேண்டாம். அப்புறம் 20-20-20 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது), பாக்கெட்டில் சொன்ன அளவில் கால்பங்கு, வாரம் ஒருமுறை நனைந்த வேரில் தெளியுங்கள். போர் தண்ணீரா? வேரில் வெள்ளை உப்புப் படிந்தால் மழைநீர் பிடித்து ஊற்றுங்கள்.

மாடிச்செடி (ஐந்து வாரம் கழித்து):
பதினொரு வேர்களை வெட்டினேன், ஆறு மிஞ்சின. வெட்டும்போது அம்மா பக்கத்தில் நிற்கவே மாட்டேன் என்றார். இலை உதிர்வது நின்றுவிட்டது. இன்று காலை தண்டின் ஓரத்தில் பச்சையாக, அரிசி அளவுக்கு ஒரு நுனி. வேர்தானே அண்ணா? படம் இணைத்திருக்கிறேன்.

தொங்குவேர்:
வேரேதான். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.