மறு: அமியோடரோன் – 'பார்வை நரம்பு அழற்சி' வேண்டாமே

பெருந்துறை ஐயாவுக்கு வணக்கம்.

இதயத்துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரையால் சிலருக்குப் பார்வை நரம்பு கெடுவதைப் பற்றி நோயாளிகளுக்கு நாம் எழுதும் துண்டறிக்கைக்கு, நீங்கள் சொன்ன 'பார்வை நரம்பு அழற்சி' என்ற சொல் எனக்கு ஒப்பவில்லைங்க. அழற்சிக்கு வைத்தியமே வேறு. இந்த மருந்தால் நரம்பிழைகளுக்குள் கொழுப்புத் துணுக்குகள் சேர்ந்து, இழைக்குள் பொருள்கள் நகரும் உள்ளோட்டம் அடைபடுகிறது என்பதுதான் வழக்கமான விளக்கம். 'நரம்பு அழிவு' என்றும் எழுதலாம்தான். ஆனால் படிக்கிறவர் அன்றைக்கே மாத்திரையைக் கடாசிவிடுவார். நாடி தாறுமாறாகிவிட்டால் அப்புறம் கண்ணைப் பற்றிப் பேச ஆள் இருக்காது.

என் கணக்கில் 'மருந்துவழிப் பார்வை நரம்புப் பழுது'. கெட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லும். தேறுமா தேறாதா என்று முன்கூட்டியே சொல்லாது. நிலைமையும் அதுதானே? மருந்தை மாற்றியபின் சிலருக்குப் பார்வை தேறுகிறது, சிலருக்கு இல்லை. மருந்து உடம்பைவிட்டுப் போகவே மாதக்கணக்காகும்.

இன்னொரு சொல்லும் வேண்டும். இந்த மருந்தை நெடுநாள் சாப்பிடுகிற அநேகமாக எல்லோருக்கும் கருவிழியில் பூனை மீசை போலக் கோடுகள் படியும். பெரும்பாலும் பார்வைக்குக் கேடில்லை. நரம்புப் பழுதோ அரிது. இரண்டையும் 'கண் பக்கவிளைவு' என்று ஒரே மூட்டையில் கட்டினால் வீண் பயம்தான். முதலாவதை 'கருவிழிச் சுழல்படிவு' எனலாமா?

மருந்துக்கடையில் நிற்கிறவன் என்பதால் சொல்கிறேன்: "ரெண்டு கண்ணும் பொகையாட்டத் தெரியுதுங்க, பொரை வந்திருச்சாட்ட இருக்குது" என்பார்கள். மங்கல் மெல்ல, பெரும்பாலும் இரு கண்ணிலும் வருவதால் கண்புரை என்றே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பேச்சை அப்படியே அறிக்கையில் போடுவோம்.

– கோபியிலிருந்து

*

கோபி தம்பிக்கு,

'பழுது' சரி, தறிக்காரருக்கும் புரியும். 'மருந்துவழி'தான் இடிக்கிறது; மருந்துதான் காரணம் என்று தீர்ப்பே எழுதிவிடுகிறது. இந்த நோயாளிகளில் பலருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் உண்டு. ரத்த ஓட்டம் குறைந்தும் இதே நரம்பு கெடும். அது பெரும்பாலும் ஒரு கண்ணில் திடீரென்று வரும், ஆனாலும் பிரித்தறிவது எப்போதும் சுலபமில்லை. 'மருந்துசார்' என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்தச் சொல் வந்தாலும் அதன் கீழே பெரிய எழுத்தில் இது இருக்கட்டும்: 'மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கண் மருத்துவரிடம் காட்டுங்கள், இதய மருத்துவரிடமும் சொல்லுங்கள்.'

சுழல்படிவுக்கு எனக்குத் தடையில்லை. 'படிவு' ஒன்றே போதுமா என்று மட்டும் கண் மருத்துவர்கள் யாராவது சொல்லுங்கள்.

– பெருந்துறை