பெல்ட் ஓரம் பளபளக்கல, நீளமும் கூடிப்போச்சு: கோளாறு தோலிலா, கையிலா?

வார்ப்பட்டை கேட்டது:

ஜீன்ஸுக்கு ஒரு பெல்ட் செஞ்சேன். 38 மி.மீ. அகலம், ஒற்றை அடுக்கு, 3.5 மி.மீ. மாட்டுத்தோல். சென்னை பெரியமேட்டில் 'வெஜ்' (மரப்பட்டைச் சாறுல பதனிட்ட தோல்)னு சொல்லிக் கொடுத்த துண்டு, சாயம் ஏறாத இளம்பழுப்பு. ரெண்டு மாசம் ஆகுது. நாலு இடத்துல இடிக்குது.

ஓரத்தை 400 நம்பர் உப்புத்தாள் வரைக்கும் தேய்ச்சு, தண்ணி தொட்டு மரக்கட்டையால உரசினாலும் மினுமினுப்பு வரல. காஞ்சதும் பஞ்சு பஞ்சா எழும்புது.

பக்கிள் மடிப்புல தையல் முன்பக்கம் அழகா சாய்வா விழுந்திருக்கு, பின்பக்கம் பாம்பு மாதிரி வளையுது. 4 மி.மீ. இடைவெளியில பல் வரிசை இருக்கிற துளைக்கருவியை (பல் பஞ்ச்) சுத்தியலால் அடிச்சு மறுபக்கம் வரை இறக்கித்தான் ஓட்டை போட்டேன். தையல் நீளத்துக்கு 4 மடங்கு நூல் எடுத்தேன், அதுவும் பாதியில தீர்ந்துபோச்சு.

ஈரமா வேலை செஞ்சப்போ முகப்புல அங்கங்கே கறுப்புப் புள்ளி.

எல்லாத்துக்கும் மேல, நடு ஓட்டையில நின்ன பெல்ட் இப்போ பக்கிள் பக்கமா ரெண்டு ஓட்டை தள்ளி நிக்குது. இடுப்பு இளைக்கல, அளந்து பார்த்துட்டேன். நல்லெண்ணெய் ரெண்டு தடவை தடவினேன். அதனாலயா?

குத்தூசி:

ஓரம் மினுங்கலைன்னா முதல் சந்தேகம் குரோம் தோல் (குரோமிய உப்புல பதனிட்டது) மேலதான். வெஜ் தோல் இழை தண்ணியும் உரசல் சூடும் பட்டா இளகி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இறுகும். அதுதான் மினுமினுப்பு. குரோம் ஏறின இழை அந்தச் சூட்டுக்கு அசையாது. அதுக்கு ஓரத்துல பெயிண்ட் பூசுறதைத் தவிர வழியில்ல.

வீட்லயே சோதிக்கலாம். 1 செ.மீ. அகலம், 5 செ.மீ. நீளத்துல ஒரு கழிவுத் துண்டு நறுக்கி, நல்லா கொதிக்கிற தண்ணியில ஒரு நிமிஷம் போடுங்க. வெஜ் தோல் ஏறக்குறைய 75–85 டிகிரியிலேயே சுருங்கிடும். வெளிய எடுத்தா சுருண்டு ரப்பர் மாதிரி இருக்கும், காஞ்சதும் கட்டையாகும். குரோம் தோல் போட்டபடியே திரும்பி வரும்.

ஆவாரம்பட்டை:

குத்தூசி சொன்ன சோதனை சரி, சந்தேகம் தப்புன்னு நினைக்கிறேன். கேள்வியிலேயே சாட்சி இருக்கு: கறுப்புப் புள்ளி. கடுக்காய்த் தண்ணியில இரும்பு போட்டா மை ஆகுதே, அதே சங்கதி. பட்டையில இருந்து தோலுக்குள்ள போன டானின்ங்கிற துவர்ப்புச் சத்து, ஈரத்துல இரும்பு பட்ட இடத்துல கறுக்குது. சுத்தியல் துரு, அரம் தேய்ச்ச தூள், ஸ்டீல் உல் துகள் ஒண்ணு விழுந்தா போதும். சுத்தமான குரோம் தோல்ல இது நடக்காது. ஆனா குரோம் போட்டு அப்புறம் பட்டைச்சாறு ஏத்தின ரீடேன் தோலும் இரும்புக்குக் கறுக்கும். அதனால கொதிநீர்ல போட்டுப் பார்த்துடுங்க.

புள்ளி போக: எலுமிச்சைச் சாறும் தண்ணியும் சரிபாதி. பஞ்சுல தொட்டு வச்சு 5 நிமிஷம், பிறகு வெறும் தண்ணியால பெல்ட் முகப்பு முழுக்கத் துடைங்க. புள்ளிய மட்டும் துடைச்சா அங்க வட்டமா வெளுத்து நிக்கும். எண்ணெய் ஏறின தோல்ல முழுசா போகும்னு சொல்ல முடியாது.

நீண்டதுக்கு என் கணக்கு வேற. தோல்ல எந்தப் பக்கத்துத் துண்டு அது? முதுகெலும்பை ஒட்டி, இடுப்புப் பக்கமா இருக்கிற பாகத்துல இழை நெருக்கம். முதுகெலும்புக்கு இணையா வெட்டினா அதிகம் இழுபடாது. வயித்துப் பக்கம் இழை தளர்ச்சி, எந்தப் பக்கம் இழுத்தாலும் வரும். முகப்பை உள்ளே வச்சு மடிச்சுப் பாருங்க. வயித்துத் தோல்னா தளர்ந்த, பெரிய பெரிய சுருக்கம் விழும். முதுகுத் தோல்ல நெருக்கமான சின்னக் கோடுதான் தெரியும். ஓரம் பஞ்சு பறக்கிறதும் அதே தளர்ந்த இழையாலதான் இருக்கும். நல்லெண்ணெய் கூட்டாளி, மூலகாரணம் இல்ல. ஆனாலும் இனி தடவாதீங்க. பதனிடும்போதே எண்ணெய் ஏத்தித்தான் அனுப்புறாங்க, நம்ம ஊர் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா, பட்டையில பதனிட்டது) தோலுக்குப் புங்கெண்ணெய் உண்டு. புது பெல்ட்டுக்கு மேற்கொண்டு ஊத்தினா தொளதொளப்புதான் மிச்சம்.

மெழுகுநூல்:

தையலுக்கு வரேன். மடிப்புல கீழ்ப்பகுதியைச் சீவி மெலிசாக்காம விட்டிருக்கீங்க, இல்லையா? அப்போ கனம் 7 மி.மீ. அவ்வளவு கனத்துல பல் பஞ்சை முழுக்க இறக்கினா, கை ஒரு டிகிரி சாய்ஞ்சாலும் பின்பக்கம் ஓட்டை விலகும். உருவும்போது ஆட்டுவீங்க, ஓட்டையும் கிழிஞ்சு அகலும். பஞ்சை முன்பக்கம் 1 மி.மீ. ஆழம் தடம் பதிக்க மட்டும் வச்சுக்குங்க. ஓட்டையை வைர வடிவ (சாய்சதுர) முனை இருக்கிற குத்தூசியால ஒவ்வொண்ணா போடணும். குத்தூசி தோலுக்குச் செங்குத்து, அதோட தட்டைப்பக்கம் தடத்தோட சாய்வுக்கு இணை. பின்பக்கமும் ஓரத்துல இருந்து 3 மி.மீ.ல காம்பஸால கோடு இழுத்துட்டா, முனை அந்தக் கோட்டுல எட்டிப் பார்க்குதான்னு அப்பப்போ பார்த்துக்கலாம். முனையைத் தேன்மெழுகுல குத்தி எடுத்தா வழுக்கிட்டுப் போகும்.

ஓட்டை நேரா இருந்தும் சில தையல் படுத்தும் சில தையல் நின்னும் தெரிஞ்சா, அது வரிசை மாறினது. ஒரே நூலோட ரெண்டு முனையிலயும் ஊசி கோர்த்து, ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டையும் எதிரெதிரா விடுறோம்; பின்பக்க ஊசி முதல்ல வரும்னா கடைசி வரைக்கும் அதுதான் முதல்ல. ரெண்டாவது ஊசி போகும்போது முதல் நூலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பிடிங்க, இல்லேன்னா நூலையே குத்திடும். அதுக்காகத்தான் முனை மழுங்கின ஊசி. துணி தைக்கிற கூர் ஊசி இதுக்கு ஆகாது.

இப்போ நூல் கணக்கு. ஒரு தையலுக்கு ஒவ்வொரு ஊசியும் கனத்தை ஒருமுறை தாண்டுது, அப்புறம் 4 மி.மீ. நகருது. 7-ம் 4-ம் 11, ரெண்டு ஊசிக்கு 22. நாலு மி.மீ. தையலுக்கு 22 மி.மீ. நூல், அதாவது அஞ்சரை மடங்கு. '4 மடங்கு' என்பது கனமும் இடைவெளியும் சமமா இருக்கிற பர்ஸ் மாதிரி வேலைக்கு. பக்கிள் மடிப்பு மாதிரி 3 செ.மீ. தையலுக்கு மடங்குக் கணக்கே உதவாது. ஊசியில கோர்க்கவும் கையில பிடிச்சு இழுக்கவும் தனியா 50 செ.மீ. வேணும். கடைசியில 2 தையல் திரும்பி வர்றதையும் சேருங்க. 4 மி.மீ. இடைவெளிக்கு 0.8 மி.மீ. நூல் பொருந்தும்.

வார்ப்பட்டை:

கொதிக்க வச்சேன். அரை நிமிஷத்துல சுருண்டு அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. வெஜ்தான். மடிச்சுப் பார்த்தா பெரிய சுருக்கம், ஒரு பக்கம் இன்னும் மோசம். மடிப்பைச் சீவலைங்கிறதும் உண்மை. இந்த பெல்ட்டைத் தேத்த வழியிருக்கா, தூக்கிப் போடவா?

ஆவாரம்பட்டை:

போடாதீங்க. நீள வேண்டியது பெரும்பாலும் நீண்டாச்சு. பக்கிளைக் கழட்டி, அந்த முனையில கூடின 5 செ.மீ.-ஐ வெட்டிடுங்க. மடிப்பு 7 செ.மீ. இருக்கட்டும், உள்ளே போகிற பாகத்தைச் சதைப்பக்கம் (முகப்புக்குப் பின்பக்கம்) இருந்து பாதிக் கனத்துக்குச் சீவுங்க. பக்கிள் முள்ளுக்கு 25 மி.மீ. நீள்துளை. மடிப்புக் கோட்டுல இருந்து நடு ஓட்டை வரைக்கும்தான் பெல்ட் அளவு. அங்கிருந்து நுனிக்கு 11 செ.மீ. விடலாம்.

மேற்கொண்டு நீளாம இருக்க, சதைப்பக்கம் 25 மி.மீ. நைலான் நாடா, அதுக்கு மேல 1.2 மி.மீ. ஆட்டுத்தோல் லைனிங். செருப்பு ஒட்டுற மஞ்சள் பசையை ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவி, 10–15 நிமிஷம் காய விட்டு, விரல்ல ஒட்டாத பதத்துல ஒட்டித் தட்டுங்க. ஈரப்பசையில ஒட்டினா நாடா நகர்ந்து சுருங்கும். பசை காஞ்சதும் சுத்தித் தையல் போடுங்க. தையல் விழுகிற ஓரத்துல நாடா வராது, தோல் ரெண்டும் சேர்ந்து கனம் 4.7. மெழுகுநூல் கணக்குப்படி நாலரை மடங்கு கிட்ட வரும். ஒரே நூல்ல இழுக்காதீங்க, கை நீட்டுற அளவுக்கு வெட்டி வெட்டித் தைங்க.

குத்தூசி:

நான் குரோம்னு சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன். அப்போ ஓரத்துக்கு: 2-ஆம் நம்பர் பெவலரால (விளிம்பு சீவுற கருவி) ஓரத்தோட ரெண்டு விளிம்பையும் மழுக்கி, 220, 400, 600 உப்புத்தாள் வரிசை. 100 மி.லி. தண்ணியில 2 கிராம் சி.எம்.சி. (கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்) தூளைத் தூவி, ஒரு ராத்திரி ஊற விட்டா கூழாகும். வெறும் தண்ணி அந்தத் தளர்ந்த இழையைத் தூக்கி விடும், கூழ் படுக்க வச்சு ஒட்டும். விரல்ல தொட்டு ஓரத்துல மட்டும் தடவி, உறிஞ்சினதும் முதல்ல பழைய ஜீன்ஸ் துணியால வேகமா உரசுங்க, கட்டை அப்புறம். ஈரம் அதிகமாகி ஓரம் காளான் குடை மாதிரி விரிஞ்சா நிறுத்தி, காய வச்சு, 400-ல இருந்து மறுபடி. வயித்துத் தோலுக்கு மூணு சுத்து ஆகும். சாயம் போடுறதா இருந்தா கூழுக்கு முன்னாடியே போட்டுடுங்க, அப்புறம் ஏறாது.